பேன் மருந்தைக் குழந்தையின் தலையில் தேய்க்கும் முன்: முழுமையான வழிகாட்டி

பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. பள்ளியில் இருந்தும் ‘பேன் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அன்று மாலையே ஒரு பாட்டில் வாங்கித் தேய்த்துவிடுகிறோம். அது ஷாம்பு வரிசையிலேயே இருப்பதால் ஷாம்பு என்றே நினைத்துக்கொள்கிறோம். பேனைக் கொல்லும் பாட்டில்கள் பலவற்றில் உள்ளே இருப்பது பூச்சிக்கொல்லி. வயலிலும் கொசு மருந்திலும் உள்ள அதே வேதிப்பொருள் குடும்பங்கள்தான், அளவு மட்டும் குறைவு.

அதனால் எல்லாப் பேன் மருந்தும் விஷம் என்று சொல்ல வரவில்லை. சரியான மருந்தை, சரியான வயதுப் பிள்ளைக்கு, சொன்ன நேரம் மட்டும் தடவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. தொல்லை வேறு இடத்தில் இருந்து வருகிறது. பேனே இல்லாத தலையில் தடவுவது, அரிப்பு நிற்கவில்லை என்று மறுநாளே திரும்பத் தடவுவது, ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றை அதன் மேலேயே ஊற்றுவது, தலைக்கே சம்பந்தமில்லாத பொருளைத் தேய்ப்பது. பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போகும் கதைகளைக் கேட்டால் இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதில் இருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: பேன் இருக்கிறதா என்று பாருங்கள்

அரிப்பு மட்டும் சான்றாகாது. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலில் படுகிறது. அதற்கு ஏற்படும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதன்முறை பேன் பிடித்த பிள்ளைக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். பேன் எல்லாம் செத்த பிறகும் சில நாள் அரிக்கலாம். பொடுகுக்கும் அரிக்கும், வேர்வைக்கும் அரிக்கும்.

ஈர் இருப்பதும் முழுச் சான்றல்ல. தாய்ப்பேன் ஈரை முடியின் அடியில், தலைத்தோலை ஒட்டி வைக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஈர் பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆக, தோலில் இருந்து 6 மி.மீ.க்கு மேல் தள்ளி ஒட்டியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு, அல்லது செத்தது. மாதக்கணக்கில் முடியில் தொங்கும் அந்த வெள்ளைக் கூடுகளைப் பார்த்துவிட்டுத்தான் பல பிள்ளைகளுக்கு வீணாக மருந்து தடவப்படுகிறது.

உயிருள்ள பேன் ஒன்றாவது கண்ணில் பட வேண்டும். முழுப்பேன் எள்ளளவு, 2 முதல் 3 மி.மீ. நீளம். வெளிச்சம் பட்டால் ஓடி ஒளியும். உலர்ந்த முடியில் விரலால் வகிடெடுத்துப் பார்த்தால் தப்பிவிடும். முடியை நனைத்து, கண்டிஷனர் தாராளமாகத் தடவி, சிக்கெடுத்துவிட்டு, நெருக்கமான பற்கள் உள்ள பேன் சீப்பைத் தோலைத் தொட்டாற்போல் வைத்து நுனி வரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முதலில் தேடுங்கள். அங்கேதான் அதிகம் இருக்கும். துணியில் கால்கள் ஆறும் அசையும் பழுப்புப் புள்ளி ஒன்று கிடைத்தால் அது பேன். விரலால் தள்ளினால் உதிர்வது பொடுகு. நகத்தால் உருவினால்தான் வருவது ஈர்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? மருந்து வேண்டாம். சில நாள் கழித்து மறுபடி சீவிப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோர் தலையையும் பார்க்க வேண்டும், ஆனால் பேன் உள்ள தலைக்கு மட்டுமே மருந்து. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்துத் தேய்ப்பது தேவையில்லாத வேலை.

அவசரப்படவும் காரணமில்லை. நோய் பரப்புவது துணியில் குடியிருக்கும் சீலைப்பேன்; தலைப்பேன் அந்த வகையில் நோய் எதையும் பரப்புவதில்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் அதனால் வரும் பெரிய தொல்லை. இரண்டு நாள் பொறுத்துச் செய்தால் எதுவும் கெட்டுப்போகாது.

இரண்டாம் படி: பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கம் பூவும் மூலிகையும் சிரிக்கும் குழந்தையும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், அதன் சதவீதம், வயது வரம்பு ஆகிய மூன்றும். சந்தையில் பரவலாக உள்ளவை இவை.

பெர்மெத்ரின் 1% லோஷன். பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுதான். பேனின் நரம்பில் சோடியம் வாயில்களை மூட விடாமல் செய்து செயலிழக்க வைக்கிறது. மனித உடல் இதை வேகமாகச் சிதைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். தடவியதில் 2 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தோல் வழி உள்ளே போகிறது. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. எரிச்சல், சிவப்பு, குறுகுறுப்பு வரலாம். இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு: சிரங்குக்கு உடம்பில் பூசும் பெர்மெத்ரின் கிரீம் 5%. பெயர் ஒன்றுதான், வீரியம் ஐந்து மடங்கு. மிச்சமிருக்கும் சிரங்கு கிரீமைப் பிள்ளையின் தலையில் பூச வேண்டாம்.

பைரெத்ரின். சாமந்தி வகைப் பூவில் இருந்து எடுப்பது என்பதால் ‘இயற்கை’ என்று விற்கிறார்கள். பெரும்பாலும் பைபரோனில் பியூடாக்சைடு என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்தே வரும். மருந்தைச் சிதைக்கும் பேனின் நொதிகளை முடக்குவது அதன் வேலை. பூவின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் மூச்சிரைப்பு வரலாம். பொதுவாக 2 வயதுக்கு மேல்தான்.

மாலத்தியான் 0.5% லோஷன். பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி கடத்தும் பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. பேனுக்கும் அதுவே, மனிதருக்கும் அதுவே. 8 முதல் 12 மணி நேரம் தலையில் வைக்கச் சொல்வார்கள். அமெரிக்க லேபிளின்படி 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு, அதுவும் மருத்துவர் சீட்டோடு மட்டும். லோஷனில் 78 சதவீதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருப்பதால் ஈர முடியில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஹேர் டிரையர், அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மருத்துவர் எழுதித் தராமல் பிள்ளைக்கு இதை நானாக வாங்க மாட்டேன்.

லிண்டேன். பழைய பெயர் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு. இந்தப் பட்டியலில் பிள்ளைகளின் தலைப்பக்கமே கொண்டு வரக்கூடாதது இது ஒன்றுதான். கொழுப்பில் கரைந்து மூளையை எட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003-ல் இதற்கு மிகக் கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கையை வலுப்படுத்தியது. திரும்பத் திரும்பத் தடவியவர்களுக்கு வலிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. அரிதாக, சொன்னபடியே ஒரே முறை தடவியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 50 கிலோவுக்குக் குறைந்த எவருக்கும் கூடுதல் ஆபத்து என்றது அந்த எச்சரிக்கை. குழந்தைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். கழிவுநீரில் கலக்கிறது என்பதற்காகக் கலிபோர்னியா 2002 முதல் இந்த மருந்தை விலக்கியது. நீண்ட நாள் அழியாத நச்சு வேதிப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் 2009-ல் சேர்ந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு மாலத்தியானை ‘உண்டாக்கக் கூடும்’ என்ற அடுத்த படியில் வைத்தது. லிண்டேன் இருக்கும் பழைய பாட்டில் அலமாரியில் கிடந்தால், தேதி பார்க்காமலே ஒதுக்குங்கள்.

ஐவர்மெக்டின் 0.5% லோஷன் 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு. மாத்திரை என்றால் 15 கிலோ எடை வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும். கால்நடைக்கான ஐவர்மெக்டினைப் பிள்ளைக்கு அளந்து கொடுக்கும் விபரீதம் வேண்டவே வேண்டாம். ஸ்பினோசாட் என்ற மருந்தும் 6 மாதத்துக்கு மேல்தான். அதில் சேர்க்கும் பென்சைல் ஆல்கஹால் பச்சிளங்குழந்தைக்கு ஆகாது.

டைமெத்திகோன் தனி ரகம். பூச்சிக்கொல்லி இல்லை, சிலிகோன் எண்ணெய். பேனைச் சுற்றிப் படிந்து மூச்சுத் துளைகளை அடைத்துக் கொல்கிறது. தோல் வழி உள்ளே போவதில்லை. சிறு பிள்ளைக்குக் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கு. ஆனால் இதிலும் தீ அபாயம் உண்டு. பேன் நீக்கும் பொருள் தடவிய முடி நெருப்புப் பட்டு எரிந்த சம்பவங்களை அடுத்து, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரிக்கை விட்டது. தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் பிள்ளைக்கு ஆகுமா?

பெரியவருக்குப் பொறுக்கும் அளவு பிள்ளைக்குப் பொறுக்காததற்குக் காரணங்கள் உண்டு. உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குத் தோலின் பரப்பு அதிகம். தலைத்தோலோ உடம்பின் மற்ற இடங்களைவிட அதிகம் உறிஞ்சும். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்துச் செய்த பழைய சோதனையில் முன்கையைவிட ஏறத்தாழ 4 மடங்கு உறிஞ்சியது. சொறிந்து கீறிய தலையில் இது இன்னும் கூடும். போதாக்குறைக்குப் பிள்ளை தலையைத் தொட்ட கையை வாயில் வைக்கும்.

தலையில் புண், சீழ், எக்ஸிமா இருந்தால் முதலில் அதை ஆற்றுங்கள். வலிப்பு வந்த பிள்ளை, குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ள பிள்ளை, 2 வயதுக்குக் குறைந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் ரசாயன மருந்து வேண்டாம். கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ தடவிவிடுவதாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வேறொருவர் செய்தால் இன்னும் நல்லது.

நான்காம் படி: மருந்தில்லாமல் முடியுமா என்று பாருங்கள்

முடியும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முதல் படியில் சொன்ன அதே ஈரச் சீவலை 1, 5, 9, 13-ஆம் நாட்களில் செய்யுங்கள். இந்த இடைவெளிக்குக் கணக்கு உண்டு: அன்றைக்கு இருக்கும் பேன்கள் போய்விட்டாலும் ஈர்கள் நிற்கும். பொரிக்கும் குஞ்சு முழுப்பேனாகி ஈர் வைக்க 9 முதல் 12 நாள் ஆகும். அதற்குள் நான்கு முறை சீவினால் குஞ்சுகள் ஒவ்வொரு தொகுதியாகச் சிக்கிவிடும். 17-ஆம் நாள் ஒருமுறை சீவிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் முடிந்தது.

ஒரு தடவைக்கு அரை மணி நேரமாவது ஆகும், நீண்ட சுருள் முடிக்கு இன்னும் கூடும். முடியை நாலைந்து பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒரு பாகத்தை முடித்த பின் அடுத்ததற்குப் போங்கள். பிள்ளைக்குப் பிடித்த படத்தை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் எழுந்து ஓடிவிடும். கைக்குழந்தைக்கு முதல் வழி இதுதான். பிற பிள்ளைகளுக்கும் இதை ஒரு சுற்று முயன்று பார்க்காமல் பூச்சிக்கொல்லிக்குப் போகத் தேவையில்லை என்பது என் கட்சி.

ஐந்தாம் படி: மருந்துதான் என்று முடிவானால்

மருந்தோடு வரும் கடுதாசியில் போட்டிருப்பதை வரிவரியாகப் படித்து அதன்படியே செய்யுங்கள். பெர்மெத்ரினை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

கண்டிஷனர் சேராத ஷாம்புவில் முடியை அலசித் துவட்டுங்கள். கண்டிஷனர் இருந்தால் மருந்து முடியில் பிடிக்காது. பிடிக்கவில்லை என்றால் பேன் சாகாது. பேன் சாகவில்லை என்று மறுபடி ஊற்றத் தோன்றும். குளிக்கும்போது தலையில் இருந்து உடம்பெல்லாம் வழியவிடும் வேலை வேண்டாம். சட்டையைக் கழற்றி, தோளில் துண்டு போட்டு, பிள்ளையை வாஷ்பேசினில் தலையைக் குனிய வைத்துச் செய்யுங்கள். கண்ணை மடித்த துணியால் பிள்ளையே மூடிப் பிடித்துக்கொள்ளட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடிகாரத்தில் 10 நிமிடம். கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பேன் சாகும் என்பதில்லை. கூடுதலாக உறிஞ்சுவது தலைத்தோல்தான். அலசும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடான தண்ணீர் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து மருந்தை உள்ளே வாங்க வைக்கும். தலையில் பிளாஸ்டிக் பையையோ குளியல் தொப்பியையோ இறுக்கிக் கட்டாதீர்கள்: காற்றுப் புகாத தோல் இன்னும் அதிகம் உறிஞ்சும், பிள்ளை தூங்கிவிட்டால் மூச்சும் முட்டும். அலசிய பின் ஓரிரு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம்.

ஏன் இரண்டாம் முறை? புதிதாக வைத்த ஈருக்குள் இருக்கும் கருவுக்கு முதல் சில நாள் நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது. நரம்பைத் தாக்கும் மருந்து அதை என்ன செய்யும்? அவை பொரித்த பிறகு, ஆனால் புதிதாக ஈர் வைக்கும் முன், 9-ஆம் நாள் வாக்கில் இன்னொரு முறை தடவுகிறார்கள். மூன்றாம் நாளே தடவினால் பிள்ளைக்கு இரட்டை அளவு போகும், ஈர் அப்படியே இருக்கும்.

ஆறாம் படி: பேன் போகவில்லை என்றால்

தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். பேன் மெதுவாக அசைந்தால் மருந்து வேலை செய்கிறது, பொறுங்கள். முன்போலவே ஓடுகிறது என்றால் அந்த மருந்துக்கு அது பழகிவிட்டது. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் சேகரித்த பேன்களில் பைரெத்ராய்டுகளை (பெர்மெத்ரின் சேர்ந்த குடும்பம்) எதிர்த்து நிற்க வைக்கும் மரபணு மாற்றம் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பதாக 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. எதிர்ப்பு வந்த பேனுக்கு அதே குடும்பத்து மருந்தை இரட்டிப்பாக ஊற்றி ஒரு பயனும் இல்லை. ஈரச் சீவல், டைமெத்திகோன், இல்லையென்றால் மருத்துவர். இரண்டு ரசாயன மருந்துகளை ஒரே வாரத்தில் கலந்து தடவுவது கூடவே கூடாது.

உயிருள்ள பேன் இல்லை, அரிப்பு மட்டும் இருக்கிறது என்றால் அது மருந்து தந்த எரிச்சலாகவே இருக்கலாம். அதற்கு மேலும் மருந்து தடவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைக்கு ஒருபோதும் ஆகாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல், கரப்பான் ஸ்பிரே, பயிர் மருந்து, நாய்க்கான உண்ணி ஷாம்பு. தீப்புண், தோல் வெந்துபோதல், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா என்று இவற்றால் வரும் தீங்கு எந்தப் பேன் மருந்தையும் விடப் பெரியது. பாச்சா உருண்டையைத் தட்டிப் போடுவதும் வேண்டாம். அதில் உள்ள நாப்தலின் ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள பிள்ளையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறைபாடு பல வீடுகளில் தெரியாமலே இருக்கும்.

இயற்கைப் பொருளுக்கும் விலக்கில்லை. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்த்துக் கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி வந்தவர்களைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேயிலை மர எண்ணெய் தோலில் ஒவ்வாமை தரும், விழுங்கினால் மயக்கம் தரும்.

வீட்டுக்கு மருந்து அடிக்க வேண்டாம்

தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் பட்டினியால் சாகும். கடந்த இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தொப்பியை 54 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் துவைத்தால் போதும். சீப்பையும் அதே சூட்டில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். மெத்தையிலும் சோபாவிலும் பூச்சி ஸ்பிரே அடித்தால் அதைப் பிள்ளை இரவெல்லாம் மூச்சில் இழுக்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

மூச்சுத்திணறல், முகமோ உதடோ வீங்குதல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், நடையில் தள்ளாட்டம், நிற்காத வாந்தி. மாலத்தியான் என்றால் எச்சில் வழிவது, கண்ணீர், அதிக வேர்வை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை துடிப்பது. உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் தலையையும் தோலையும் அலசிவிட்டுக் கிளம்புங்கள். மூச்சுக்கே கஷ்டம் என்றால் அலசக்கூட நிற்க வேண்டாம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதன் பெயரைத்தான்.

மிச்ச மருந்தை என்ன செய்வது? இரண்டாம் முறைக்கு வேண்டியது போக மீதியைச் சேமிக்காதீர்கள். பிள்ளைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வைத்து, மருந்தகத்தில் பழைய மருந்தை வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு அங்கே கொடுங்கள். சிங்க்கில் ஊற்ற வேண்டாம், பெர்மெத்ரின் மீன்களைக் கொல்லும். வீட்டில் பூனை இருந்தால், மருந்து தடவிய தலையை அது நக்காமலும் அந்தத் துண்டில் படுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குப் பொறுக்கும் பெர்மெத்ரின் பூனைக்குப் பொறுக்காது.